சிமெண்ட் மலைக்கு எதிர்ச்சுற்று

1

“அப்ப பின்னாடியே நடக்கட்டும்ங்க.”

“பின்னாடின்னா?”

“முகம் அந்தப் பக்கம், போறது இந்தப் பக்கம். கம்பி வலது கைக்குக் கிடைச்சிடும். சுத்தும் வலமா ஆயிடும். சாமிக்கும் சரி, எனக்கும் சரி.”

“நண்டுதான் சார் அப்டி நடக்கும்.”

“நண்டு பக்கவாட்டுல நடக்கும்ங்க.”

“எதுவோ ஒண்ணு. எம்பொண்ணு நடக்காது.”

“ஏங்க, தண்ணியில பின்னாடி நடக்கறது நல்ல பயிற்சிதான். இடுப்புக்கு—”

“சார், நீங்க பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடியா நடந்து போறீங்க? முன்னாடி நடக்கறதுக்குத்தான் இங்க கூட்டிட்டு வந்தேன்.”

இந்தப் பேச்சு கதையின் நடுவில் வரவேண்டியது. முன்னால் தூக்கி வைத்துவிட்டேன். நான் எழுதிப் பார்த்த மற்றத் தொடக்கங்கள் இதைவிட மோசம். அவற்றையும் காட்டுகிறேன். அதற்குமுன் பேசியவர்கள் யார் என்று சொல்லிவிடுவதுதான் மரியாதை.

‘சார்’ என்பது விமல்ராஜ். பிசியோதெரபிஸ்ட், வேலூர்க்காரர், இடுப்பளவு வெந்நீரில் நின்றபடி பேசினார். நண்டைப் பற்றிக் கருத்துச் சொன்னவர் கஸ்தூரி. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் மோரும் எலுமிச்சை சோடாவும் விற்கிறவர். கரையில் துண்டோடு நின்றிருந்தார். ‘எம்பொண்ணு’ என்பது ஓவியா, எட்டு வயது. அவள் இருவரையும் கவனிக்காமல் ரப்பர் வாத்தின் வாலைக் கடித்துக்கொண்டிருந்தாள். இவர்களைத் தவிர, தரை ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்தவள் சுதர்சனா. இந்தக் குளத்தை வடிவமைத்தவள், என் பள்ளித்தோழி. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான்.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திறப்பு விழா மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி சுதர்சனா கேட்டாள். “நீதான் எப்பப் பாரு படிச்சிட்டே இருக்கியே” என்றாள். நிறையச் சாப்பிடுகிறவர் நன்றாகச் சமைப்பார் என்று நம்புகிற பெண். மலருக்கு வேண்டியது மிக எளிது: உடல் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான நீர்ச் சிகிச்சைக் குளம் நம் ஊரில் அமைந்திருக்கிறது, கொடுத்தவர் வாழ்க. அந்த ஒரு பக்கம் இன்றுவரை வரவில்லை. அதற்குப் பதிலாக இது வந்துகொண்டிருக்கிறது.

2

முதல் தொடக்கம்:

“அந்த ஆண்டு குளிர்காலம் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டது. நகரத்தின் விளிம்பில், கைவிடப்பட்ட நீச்சல் குளத்தின் கண்ணாடிக் கூரைமீது பனி மெதுவாக—”

(விட்டுவிட்டேன். குளம் புதியது. கூரை தகரம். மாதம் மே.)

நான் படிப்பது பெரும்பாலும் மொழிபெயர்ப்பு நாவல்கள். அவற்றில் மனிதர்கள் நீண்ட நேரம் பேசாமல் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். அந்த மௌனத்தில் மூன்று தலைமுறைத் துயரம் தெரிந்துவிடுகிறது. எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் திருவண்ணாமலையில் ஒருவர் அவ்வளவு நேரம் ஜன்னலைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர், “இன்னா, உடம்பு சரியில்லியா?” என்று கேட்டுவிடுவார். மௌனத்தை நம்பி இங்கே கதை எழுத முடியாது.

இரண்டாம் தொடக்கம்:

“தண்ணீருக்கு எடை தெரியாது.”

இந்த வரியைப் பெருமையோடு விமல்ராஜிடம் படித்துக் காட்டினேன்.

“தெரியாதுன்னா எப்படிங்க?” என்றார். “எடை கம்மியாகணும்னுதானே தண்ணிக்குள்ளயே விடறோம்?”

பிறகு விளக்கினார். நெஞ்சளவு தண்ணீரில் நின்றால் உடம்பின் பாரத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. தரையில் மடிந்துபோகிற கால் தண்ணீருக்குள் நிற்கிறது. விழுந்தாலும் மெதுவாக விழுகிறது, அதனால் பயமும் கம்மி. வெதுவெதுப்பில் இறுகிய தசை இளகுகிறது. அவர் சொன்னதில் என் வரியைவிடக் கவித்துவம் ஜாஸ்தி இருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை.

மூன்றாம் தொடக்கம், வெறும் தகவல்: சுதர்சனா இந்தக் குளத்தை வரைவதற்குமுன் பல நாள் முழங்காலில் நடந்தாள். ஒரு குழந்தையின் கண் உயரத்தில் வாசல் எப்படித் தெரிகிறது, சரிவுப் பாதையின் முனை எங்கே மறைகிறது என்று பார்ப்பதற்கு. குளத்தின் அடியைப் பளபளப்பான நீலத்தில் போடவில்லை. தரை கண்ணுக்குத் தெரியாவிட்டால் கால் வைக்கக் குழந்தைகள் பயப்படுவார்கள். மங்கிய மணல் நிறம் போட்டு, ஒவ்வொரு விளிம்பிலும் கறுப்பாக ஒரு பட்டை ஓடவிட்டாள். எல்லாவற்றையும்விடக் கூரையின் உட்புறத்துக்குத்தான் அதிகம் உழைத்தாள். தகரத்துக்குக் கீழே மூங்கில் பாய்களை அலையலையாகக் கட்டினாள். மல்லாந்து மிதக்கிற குழந்தை நெடுநேரம் பார்க்கப் போவது அதைத்தானே. பார்வையிட வந்த பெரியவர்கள் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

தண்ணீரின் சூட்டைக் கருவியில் பார்த்து எழுதிவைத்திருந்தாள். கஸ்தூரி அதைப் படிக்காமல் கையை விட்டுப் பார்த்து, “கைக்குழந்தைக்கு ஊத்தற சூடு” என்றார். அதுவும் சரியாகவே இருந்தது.

முதல் வரைபடத்தில் குளம் நீள்சதுரம். நேராக ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. எந்தக் கை பலவீனமோ அதற்கு ஓய்வு, மற்றது பிடித்துக்கொள்ளும். அப்படியே கட்டியிருந்தால் இந்தக் கதை இல்லை. விழா மலருக்கு ஒரு பக்கம் கிடைத்திருக்கும்.

3

சகாதேவன் ஐயாவைப் பற்றி எழுத வேண்டிய இடம் இது. அவரைக் கெட்டவராக்க வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கீழ்பென்னாத்தூரில் அரிசி ஆலை வைத்திருப்பவர். இடமும் அவருடையது, செலவும் அவருடையது. பௌர்ணமி தவறாமல் செருப்பில்லாமல் மலையைச் சுற்றுவார். வரைபடத்தை மேசையில் விரித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“எல்லாம் நல்லாதான் இருக்குதும்மா. ஆனா நடுவுல ஒண்ணுமே இல்லியே.”

“நடுவுல தண்ணி இருக்குங்க ஐயா.”

“தண்ணி இருக்கும்மா. மலை?”

சுதர்சனா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“இந்தப் புள்ளைங்க என்னிக்கும்மா கிரிவலம் போவும்? ஒண்ணு தூக்கினு போவணும், இல்ல வண்டியில தள்ளினு போவணும். அதுங்க காலால போவ முடியுமா? தண்ணியிலயாவது போவட்டுமே.”

அவர் கண் கலங்கியது. சுதர்சனாவுக்கும் கலங்கியது. கலங்கிய கண்ணோடு எடுத்த முடிவுகளைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். (எழுத மாட்டேன்.) நீள்சதுரம் வளையம் ஆனது. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு மலை, அதைச் சுற்றித் தண்ணீர்ப் பாதை, வெளிச்சுவரில் ஒரு கம்பி, மலையின் அடியில் ஒரு கம்பி. அப்போதும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மலையைச் செய்ய, கோயில் கோபுரங்களுக்குச் சுதை வேலை செய்கிறவரை ஐயாவே அழைத்து வந்தார். அவர் சிமெண்டில் அருமையாகச் செய்தார். உச்சியிலிருந்து பிரியும் மடிப்புகள்கூட அப்படியே இருந்தன. வேலை முடிந்ததும், எங்கே வேலை முடித்தாலும் செய்கிறபடி, மலைக்கு விபூதிப் பட்டை போட்டு, தேங்காய் உடைத்து, சூடம் காட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் கம்பி பொருத்த வந்தவர் டிரில் மெஷினோடு தண்ணீரில்லாத குளத்துக்குள் இறங்கினார். பட்டையைப் பார்த்தார். மெஷினைக் கீழே வைத்தார்.

“இதுல ஓட்டை போடறதா?”

“அடியிலதாங்க. ஓரமா.”

“சாமி கால்ல போடச் சொல்றீங்களா மேடம்? வேற ஆள பாத்துக்குங்க.”

வேறு ஆள் வந்தார். அவரும் மெஷினைக் கீழே வைத்தார்.*

சுதர்சனா ஐயாவிடம் போனாள். “ஐயா, அது சிமெண்ட்தாங்க.”

அவர் கோபப்படவில்லை. ஜன்னலைக் காட்டினார். அங்கே உண்மையான மலை முழுசாகத் தெரிந்தது. “அப்ப அது இன்னாம்மா? கல்லுதானே?” என்று சிரித்தார்.

சுதர்சனா திரும்பி வந்துவிட்டாள். ஒரு பதில் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. அவளுடையது நயினார் குடும்பம், பரம்பரையாக இந்தப் பக்கத்துச் சமணர்கள். இந்த ஊரின் எந்தக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் உட்காரவைப்பார்கள். ஆனால் மலையைப் பற்றி “வெறும் சிமெண்ட்” என்று அவள் இரண்டாம் முறை சொன்னால் அது கட்டடக்கலைக் கருத்தாக இருக்காது.

* தரையில் கம்பம் நட்டு உள்கம்பியைத் தாங்கியிருக்கலாமே என்று கேட்கிற வாசகருக்கு: கேட்டோம். தரையைத் துளைத்தால் நீர் கசியும், போட்ட பூச்சு முழுவதும் வீண். தவிர, பாதை குறுகிவிடும், குழந்தைக்குப் பக்கத்தில் சிகிச்சையாளர் நிற்க இடமிருக்காது. பசை போட்டு ஒட்டலாமே என்று கேட்கிறவருக்கு: பசையை நம்பி உங்கள் குழந்தையை விடுவீர்களா?

4

இப்போது இடது வலது. வாசகர் ஒருமுறை எழுந்து நின்று, ஒரு நாற்காலியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டால் எனக்கு வேலை மிச்சம்.

மலையை வலம் வரும்போது மலை உங்கள் வலது கைப்பக்கம் இருக்கும். வெளிச்சுவர் இடது கைப்பக்கம் இருக்கும். குளத்தில் மிச்சமிருக்கும் ஒரே கம்பி வெளிச்சுவரில். ஆகவே கம்பி இடது கைக்கு. ஓவியாவுக்குப் பிறவியிலிருந்தே இடது கையும் இடது காலும் பலவீனம். அந்தக் கை கம்பியைத் தொடும், ஆனால் பிடிக்காது. எதிர்ப்பக்கம் சுற்றினால் கம்பி வலது கைக்கு வரும். வலது கையால் அவள் கம்பியைப் பிடித்தால் நாம் பிடுங்க முடியாது. விமல்ராஜின் விசில் கயிற்றை அவள் அப்படித்தான் பிடுங்கினாள்.

வரைபடத்தில் வட்டத்துக்குத் திசை கிடையாது. நடுவில் ஒரு மலை வைத்ததும் வந்துவிடுகிறது. சுதர்சனாவுக்கு இது தோன்றவில்லை. விமல்ராஜுக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் வட்டமாக எதைப் பார்த்தாலும் எந்தப் பக்கம் சுற்றுவது என்று யாரும் கேட்பதில்லை. ரவுண்டானாவைத் தவிர. அங்கே அவரவர் இஷ்டம்.

விமல்ராஜ் பக்கத்தில் நின்று அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டால் ஓவியா எந்தப் பக்கமும் போவாள். அதுவல்ல விஷயம். விஷயத்தை அவர் கஸ்தூரியிடம் ஒருநாள் சொல்லும்போது நான் கேட்டேன்.

“இந்தப் பொண்ணுக்கு இப்ப பலம் வந்துடுச்சுங்க. பயம்தான் போகல. யாரும் பிடிக்காம ஒரு சுத்து, தானா, ஒரே ஒரு சுத்து போயிடுச்சுன்னா அந்தப் பயம் போயிடும். அப்புறம் தரையில நடக்க வெக்கறது என் பொறுப்பு. இப்ப விட்டுட்டோம்னா, ஆள் கையப் பிடிச்சே பழகிடும். வளர வளர உடம்பு வெயிட் ஏறும். அப்ப கஷ்டம்.”

கஸ்தூரி ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார். கடைசியில், “சரிங்க சார். வலமா போவட்டும்” என்றார்.

அதன்பிறகுதான் பின்னால் நடக்கிற யோசனை. அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

இந்த இடத்தில் ஓவியாவைப் பற்றிச் சந்தேகம் வருகிறது. கதையில் அவள் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் படித்த நாவல்களில் இப்படிப்பட்ட குழந்தைகள் வயதுக்கு மீறிய ஞானத்தோடு இருப்பார்கள். பெரியவர்களுக்கு வாழ்க்கையைப் புரியவைப்பார்கள். வசந்தம் வரும்போது இறந்துபோவார்கள். ஓவியாவிடம் அந்த லட்சணம் எதுவும் இல்லை. கடிப்பாள். பொய் சொல்வாள். காலில் வலி என்று அழுவாள், மசாலா சிப்ஸைக் கண்டதும் வலி நின்றுவிடும். ஒருமுறை என்னிடம், “நீ இன்னா எழுதற?” என்று கேட்டாள். “உன்னைப் பத்தித்தான்” என்றேன். “வாத்தப் பத்தி எழுது” என்று சொல்லிவிட்டு, மேல் கூரையைப் பார்த்தபடி மிதக்கப் போய்விட்டாள்.

வாத்தைப் பற்றி எழுதியாகிவிட்டது. அடுத்தது.

5

எல்லாரும் பயந்தது சகாதேவன் ஐயாவுக்கு. திறப்பு விழாவில் ஒரு குழந்தை யார் துணையும் இல்லாமல் மலையை ஒரு சுற்று சுற்ற வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். விழாவுக்கு முன்பே பயிற்சிக்கு வரத் தொடங்கியிருந்த எல்லாக் குழந்தைகளிலும் அதற்கு அருகில் வந்திருந்தவள் ஓவியா ஒருத்திதான். அவளை எதிர்ச்சுற்றில் விடலாமா என்று அவரிடம் யார் கேட்பது?

இதற்கு ஒரு காட்சி முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன்:

“ஆலை அதிபர் மேசையை ஓங்கித் தட்டினார். அவருடைய மோதிரத்தில் பட்ட வெளிச்சம் சுவரெங்கும் சிதறியது. ‘என் பணத்தில் கட்டிய—’”

(விட்டுவிட்டேன். அவர் மோதிரம் போடுவதில்லை. தட்டவும் இல்லை.)

நடந்தது இது. நானும் சுதர்சனாவும் ஆலைக்குப் போனோம். தவிட்டுத் தூசியில் மூவரும் தும்மினோம். சுதர்சனா ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு, கையைக் காலைக் காட்டி, விளக்கி முடித்தாள்.

“அட, இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?” என்றார். “குழந்தைக்கு இன்னாம்மா சாஸ்திரம்? அது எந்தப் பக்கம் போனா இன்னா? சாமிக்குத் தெரியாதா எந்தக் கை வெளங்கும், எந்தக் கை வெளங்காதுன்னு?”

“வீடியோல, ஐயா, பாக்கறவங்க—”

“பாக்கறவங்கள நான் பாத்துக்கறேன். நீ மலையில மட்டும் கை வெக்காத.”

மோர் கொடுத்து அனுப்பினார். பஸ்ஸில் திரும்பும்போது சுதர்சனாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் வருத்தம். கதைக்கு ஒரு கெட்டவர் தேவைப்பட்டார், இருந்த ஒருவரும் கையைவிட்டுப் போய்விட்டார்.

“கெட்டவன் இல்லன்னா கதை நடக்காதாடி?” என்றாள் சுதர்சனா.

“நடக்கும். கொஞ்சம் மெதுவா.”

“ஓவியா மாதிரி நடக்கட்டும், விடு.”

நேராகக் குளத்துக்குப் போய்க் கஸ்தூரியிடம் சொன்னோம். ஐயாவே சம்மதித்துவிட்டார், இனி ஒன்றும் தடையில்லை. கஸ்தூரி துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்து முடித்து, உதறி, மடித்தார்.

“ஐயா சொல்லுவாருங்க. அவர் பொண்ணு இல்லியே.”

6

இந்தப் பகுதியை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இரண்டு முறை கஸ்தூரியை அறியாமையில் உழல்கிற தாயாக எழுதிவிட்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது. ஒரு முறை புரட்சிகரமான தாயாக எழுதினேன், அது விழா மலருக்கு வசதியாக இருந்தது. கடைசியில் அவர் சொன்னதை அப்படியே எழுதுவது என்று முடிவு செய்தேன். என் வேலை இடையில் நிறுத்தற்குறி போடுவது மட்டும்.

“மேடம், எங்க வீடு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம். ரெண்டும் பாதையிலதான். காலையில கடைக்குப் போறது வலம். வீட்டுக்கு வர்றது எதிர்ப்பக்கம். ஊர்ல எல்லாருக்கும் அதுதான். பசு மாடு எதிர்ப்பக்கமா வருது, பால்காரர் எதிர்ப்பக்கமா வர்றாரு. யாருக்கும் ஒண்ணும் ஆவல.”

“அதைத்தாங்க்கா நாங்களும்—” என்று சுதர்சனா தொடங்கினாள்.

“இருங்க. இது வயித்துல இருக்கறப்ப பௌர்ணமிக்குக் கடை போட்டேன். நல்ல கூட்டம். எலுமிச்சம்பழம் தீந்துபோச்சு. வீட்டுக்குப் போய் எடுத்துனு வரணும். அத்தினி ஜனமும் அந்தப் பக்கம் வருது, நான் ஒருத்தி வயித்தத் தள்ளினு இந்தப் பக்கம் போறேன். ஒரு அம்மா நிறுத்தி, ‘ஏம்மா, மாசமா இருக்கறவ இப்டி எதிர்க்க வரலாமா?’ன்னு கேட்டாங்க. நான் சிரிச்சினு, ‘எலுமிச்சம்பழத்துக்கு வலம் இடம் தெரியாதும்மா’ன்னேன்.”

அவர் துண்டின் மடிப்பைப் பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

“இது பொறந்து, கை இப்டின்னு தெரிஞ்சதும், எங்க தெருவுல எல்லாருக்கும் அந்த எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்துடுச்சு. நான்தான் ஜம்பமா சொல்லிச் சிரிச்சிருக்கேனே எல்லார்கிட்டயும்.”

“அது காரணமே இல்லக்கா. பிரசவ நேரத்துல—”

“தெரியும் மேடம். வேலூர்ல டாக்டரு படம் போட்டே காட்டினாரு. நான் அத நம்பல. சத்தியமா நம்பல. ஆனா நம்பலன்னு காட்டறதுக்கு எம்பொண்ணையா வெச்சுப் பாக்கறது? நாளைக்கு இதுக்கு ஒரு ஜுரம் வந்தாகூட ‘ஆத்தாகாரி மறுபடியும் எதிர்க்க சுத்த வுட்டா’ன்னு சொல்லுவாங்க. அவங்க சொல்றது போவட்டும். நான் சொல்லிப்பேன். எனக்குள்ள சொல்லிப்பேன் மேடம், அதான்.”

சுதர்சனாவின் முகத்தை நான் பார்த்தேன். மங்கிய மணல் நிறம், கறுப்புப் பட்டை, மூங்கில் அலை, தண்ணீரின் சூடு எல்லாவற்றையும் யோசித்தவள். ஒரு குழந்தையின் கண் உயரத்தில் எல்லாவற்றையும் பார்த்தவள். ஒரு தாயின் நெஞ்சு உயரத்தில் இருந்து பார்க்க அவளுக்கு—

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். நன்றாக வந்துகொண்டிருந்தது, அதனால்தான் சந்தேகம்.)

7

முடிவுகள்.

ஒன்று: கார்த்திகை தீபத்தன்று, மலைமேல் தீபம் தெரிகிற அதே நொடியில், ஓவியாவின் இடது கை கம்பியை இறுக்கிப் பிடிக்கிறது. கூட்டம் அரோகரா என்கிறது. இதை எழுதிக் கொடுத்தால் விழா மலரின் அட்டையிலேயே போடுவார்கள். ஆனால் விமல்ராஜ் என்னிடம் பேசுவதை நிறுத்திவிடுவார். இடது கை எவ்வளவு பிடிக்கும் என்பது அவருக்கும் ஓவியாவுக்கும் தெரியும். அதை மாற்ற எனக்கு உரிமையில்லை.

இன்னொன்று: சுதர்சனா ஒருநாள் சுத்தியலை எடுத்துக்கொண்டு குளத்துக்குள் இறங்குகிறாள். இதில் காற்று பலமாக வீசும், பின்னணியில் இடி இருக்கும். படிக்க நன்றாக இருக்கும். மறுநாள் செய்தித்தாளில் படிக்க அவ்வளவு நன்றாக இருக்காது.

விமல்ராஜ் ஒரு முடிவு சொன்னார். மலையைத் துணியால் மூடிவிடலாம், கோயிலில் திரை போடுகிற மாதிரி. திரை போட்ட நேரத்தில் சாமி பார்ப்பதில்லை அல்லவா? கிறிஸ்தவரான அவருக்கு இந்த நுணுக்கம் எப்படித் தெரிந்தது என்று நான் வியந்தேன். கஸ்தூரியிடம் கேட்டோம்.

“திரை போட்டா சாமி சாப்டும் சார். தூங்காது.”

என் சொந்த முடிவு ஒன்றும் இருந்தது. அதில் கஸ்தூரி பல ஆண்டுகள் கழித்து, தொலைதூர நகரம் ஒன்றில், ரயில் ஜன்னல் வழியாக ஓர் இளம்பெண் தனியாக நடந்துபோவதைப் பார்க்கிறார். அது ஓவியாவா இல்லையா என்று சொல்லப்படுவதில்லை. இப்படி முடிகிற நாவல்களை மூடிவைத்துவிட்டு நான் மொட்டை மாடியில் நெடுநேரம் நின்றிருக்கிறேன். இங்கே எழுதிப் பார்த்தால் அபத்தமாக இருக்கிறது. கஸ்தூரி ஏன் தன் பெண்ணை விட்டுவிட்டு ரயிலேறப் போகிறார்? கடையை யார் பார்ப்பது?

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. கடைசியாக நான் அங்கே இருந்த ஒரு காலை மட்டும் இருக்கிறது. அதைத் தருகிறேன். அதற்கு மேல் உங்கள் பாடு. திறப்பு விழா நடந்ததா, வீடியோவில் யார் சுற்றினார்கள் என்று யாராவது விசாரித்துச் சொன்னாலும் நான் இங்கே சேர்க்கப் போவதில்லை.

8

மற்றக் குழந்தைகள் வருவதற்குமுன். தண்ணீர் அசையாமல் இருந்தது. சிமெண்ட் மலை தலைகீழாகவும் தெரிந்தது.

ஓவியா சரிவில் உட்கார்ந்தபடியே வழுக்கி இறங்கினாள். அப்படி இறங்கக்கூடாது என்று பலமுறை சொல்லியிருக்கிறார்கள். விமல்ராஜ் அவளை நிறுத்தி, இடது கையைக் கம்பியின்மேல் வைத்து, கை எட்டாத தூரத்துக்கு விலகி நின்றார்.

“வா பாப்பா. மெதுவா.”

ஒரு அடி வைத்தாள். இன்னொன்று. இடது கை கம்பியிலிருந்து நழுவியது. அவள் தாடைவரை தண்ணீருக்குள் போய், விமல்ராஜ் தூக்குவதற்குள் ஒரு வாய் குடித்துவிட்டாள். இருமினாள். கஸ்தூரி கரையில் குனிந்து, துண்டை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

மறுபடியும். இந்த முறை முதல் அடியிலேயே நழுவியது.

“போதும் சார்” என்றார் கஸ்தூரி. “இன்னொரு நாள் பாக்கலாம்.”

“இன்னும் ஒரு தடவை பாக்கலாம்ங்க.”

“அதான் வரலியே சார். வுடுங்க, பாவம்.”

அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது ஓவியா திரும்பினாள். யாரும் திருப்பவில்லை. மலையை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவு மரியாதையான பார்வை என்று சொல்ல முடியாது. பிறகு தண்ணீருக்குள் உடம்பை மெதுவாகச் சுழற்றி, முதுகு இருந்த பக்கம் முகத்தைக் கொண்டுவந்து, வலது கையால் கம்பியைப் பிடித்தாள். விரல் மூட்டுகள் வெளுக்கும் அளவுக்குப் பிடித்தாள். நேராக நின்றாள். அந்தக் குளத்தில் அவள் அவ்வளவு நேராக நின்று நான் பார்த்ததில்லை.

விமல்ராஜ் இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, அவளைத் தொடாமல், கஸ்தூரியையும் பார்க்காமல் நின்றார். சுதர்சனா என் தோளைப் பிடித்திருந்தாள், வலித்தது. கஸ்தூரி “ஓவியா” என்றார். அதட்டலாகத் தொடங்கி வேறு எதுவாகவோ முடிந்தது.

ஓவியா கால் எடுக்கவில்லை. காத்திருந்தாள். கம்பியை விடாமல் கழுத்தை மட்டும் திருப்பி அண்ணாந்து பார்த்தாள். மூக்கில் தண்ணீர் ஒழுகியது.

“அம்மா.”

“இன்னா?”

“கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கிறியா?”